கார்பன் எல்லை வரியை வர்த்தக ஒப்பந்தம் தடுத்து நிறுத்துமா?

நீங்கள் கேட்டது இது. போல்ட், நட் செய்து ஜெர்மனிக்கு அனுப்புகிறீர்கள். வாங்குபவர் திடீரென்று டன்னுக்கு எவ்வளவு கார்பன் என்று கணக்குக் கேட்கிறார். கொடுக்காவிட்டால் விலையைக் குறைப்பேன் என்கிறார். “சுற்றுச்சூழல் பெயரைச் சொல்லி இப்படி வரி போட உலக வர்த்தக அமைப்பின் விதி இடம் கொடுக்கிறதா? இந்தியா–ஐரோப்பா தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தால் இது போய்விடுமா?” வெளியே தெரிவது இந்த இரண்டு சட்டக் கேள்விகள். உள்ளே இருக்கும் கேள்வி, ஒப்பந்தம் வரும்வரை பொறுத்திருக்கலாமா, இப்போதே பணம் செலவழித்துக் கணக்கைத் தயார்செய்ய வேண்டுமா என்பது. அந்த மூன்றாவதற்கு உடனே பதில் சொல்லிவிடலாம்: பொறுத்திருக்க வேண்டாம். ஏன் என்பதற்குத்தான் சற்று நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் இது என்ன என்று பார்ப்போம். கார்பன் எல்லைச் சரிக்கட்டு முறை என்பது இதன் பெயர்; ஏற்றுமதியாளர்கள் சுருக்கமாக ‘சிபாம்’ என்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2023 மே மாதம் இதைச் சட்டமாக்கியது. 2023 அக்டோபர் 1 முதல் 2025 டிசம்பர் 31 வரை அறிக்கை மட்டும் கொடுத்தால் போதும் என்றிருந்தது. 2026 ஜனவரி 1 முதல் பணம் கட்டும் கட்டம். இரும்பு, எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம், மின்சாரம், ஹைட்ரஜன் ஆகியவை இதில் வருகின்றன. போல்ட், நட், ஸ்க்ரூ அடங்கும் 7318 என்ற ஹெச்.எஸ். (சுங்கத்துக்கான உலகப் பொருள் குறியீடு) தலைப்பு முழுவதும் பட்டியலில் இருக்கிறது. ஐரோப்பாவுக்குள் இருக்கும் எஃகு ஆலை, தான் வெளியிடும் ஒவ்வொரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கும் உமிழ்வு அனுமதிச் சீட்டு ஒப்படைக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் எஃகுக்கும் அதே விலையைப் போடுவதுதான் சிபாமின் அடிப்படை எண்ணம்.

பணம் கட்டும் பொறுப்பு உங்களுடையது அல்ல, இறக்குமதியாளருடையது. அவர்தான் பதிவு செய்து, டன் உமிழ்வுக்கு ஒன்றாகச் சிபாம் சான்றிதழ் வாங்கி, ஒப்படைக்க வேண்டும். 2025இல் வந்த திருத்தப்படி, 2026இல் இறக்குமதியான சரக்குக்கான சான்றிதழ் விற்பனை 2027 பிப்ரவரியில் தொடங்குகிறது. முதல் ஆண்டறிக்கையை 2027 செப்டம்பர் 30க்குள் கொடுக்க வேண்டும். அதே திருத்தம் ஒரு விலக்கும் தந்தது: ஆண்டுக்கு மொத்தம் 50 டன்னுக்குள் இறக்குமதி செய்பவருக்கு இது பொருந்தாது. இங்கே பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 50 டன் என்பது நீங்கள் அனுப்பும் அளவு அல்ல. வாங்குபவர் எல்லா நாடுகளிலிருந்தும் எல்லாரிடமிருந்தும் தருவிக்கும் எஃகு, அலுமினியம், சிமெண்ட், உரம் எல்லாம் சேர்ந்த அளவு. நீங்கள் பத்து டன்தான் அனுப்பினாலும், அவர் சீனாவிலிருந்து நூறு டன் எடுத்தால் உங்கள் பத்து டன்னுக்கும் கணக்கு வேண்டும்.

இன்னொரு தவறான நம்பிக்கை இதைவிட அதிக இழப்பைத் தரும். “2026இல் 2.5 விழுக்காடுதான் கட்ட வேண்டும், 2034இல்தான் முழுமை” என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஐரோப்பிய ஆலைகளுக்கு இதுவரை கிடைத்துவந்த இலவச அனுமதி 2026இல் 2.5 விழுக்காடு குறைகிறது என்பது உண்மை. ஆனால் அந்த இலவச அனுமதி, சிறப்பாக இயங்கும் ஆலைகளை வைத்து வகுத்த அளவுகோலின்படி கிடைப்பது. உங்கள் சரக்கின் உமிழ்விலிருந்து அந்த அளவுகோல் வரைதான் கழிவு உண்டு. அதற்கு மேல் உள்ளது அத்தனைக்கும் முதல் ஆண்டிலிருந்தே முழு விலை. கணக்குக்காக எண்களை வைத்துக்கொள்வோம்: உங்கள் போல்ட்டில் டன்னுக்கு 2.6 டன் உமிழ்வு, அளவுகோல் 1.4, சான்றிதழ் விலை 75 யூரோ. 2026இல் கழிவு 1.4ஐ 0.975ஆல் பெருக்கினால் 1.365. மீதி 1.235 டன், கட்ட வேண்டியது ஏறத்தாழ 93 யூரோ. 2030இல் கழிவு விகிதம் 51.5 விழுக்காடாகக் குறைந்திருக்கும், மீதி 1.88 டன், 141 யூரோ. 2034இல் கழிவே இல்லை, 195 யூரோ. ஆக, சுமையில் ஏறக்குறைய பாதி முதல் ஆண்டிலேயே வந்துவிடுகிறது. நான் எடுத்துக்கொண்ட எண்கள் வேறாகலாம், கணக்கின் அமைப்பு இதுதான்.

இனி சட்டம். உலக வர்த்தக அமைப்பின் அடித்தளமான காட் ஒப்பந்தம் நாடுகளுக்கிடையே பாகுபாடு காட்டாதே என்கிறது (உறுப்பு 1), இறக்குமதிச் சரக்கை உள்நாட்டுச் சரக்கைவிட மோசமாக நடத்தாதே என்கிறது (உறுப்பு 3), அளவுக் கட்டுப்பாடு விதிக்காதே என்கிறது (உறுப்பு 11). இவற்றை மட்டும் படித்தால் உங்கள் கோபம் நியாயம்: ஒரே மாதிரி இரண்டு போல்ட், ஒன்றுக்குக் கூடுதல் காசு. ஆனால் அதே ஒப்பந்தத்தில் உறுப்பு 20 இருக்கிறது. மனித, விலங்கு, தாவர உயிரையும் நலத்தையும் காக்கத் தேவையான நடவடிக்கை, தீர்ந்துபோகும் இயற்கை வளத்தைப் பேணும் நடவடிக்கை ஆகியவற்றுக்கு அது விலக்குத் தருகிறது. விலக்குக்கு ஒரு நிபந்தனை, உறுப்பின் தொடக்க வரியான தலைவாசகத்தில்: நியாயப்படுத்த முடியாத பாகுபாடாகவோ, வர்த்தகத் தடைக்குப் போட்ட முகமூடியாகவோ இருக்கக் கூடாது. சுற்றுச்சூழல் சார்ந்த வர்த்தக வழக்குகள் பெரும்பாலும் வென்றதும் தோற்றதும் இந்தத் தலைவாசகத்தில்தான்.

இதை இந்தியா நேரடியாக அனுபவித்திருக்கிறது. 1989இல் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: இறால் வலையில் கடலாமை சிக்கிச் சாகாதபடி ஆமை விலக்குக் கருவி பொருத்தாத நாடுகளின் இறாலை வாங்கமாட்டோம் என்று. முதலில் கரீபியப் பகுதி நாடுகளுக்கு மட்டும் இருந்ததை 1996இல் எல்லா நாடுகளுக்கும் விரித்தது. இந்தியா, மலேசியா, பாகிஸ்தான், தாய்லாந்து நான்கும் வழக்குப் போட்டன. 1998 அக்டோபரில் உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமர்வு தீர்ப்புச் சொன்னபோது நான்கு நாடுகளும் வென்றன. எதனால் வென்றன என்பதுதான் முக்கியம். ஆமையைக் காப்பது தவறு என்று தீர்ப்பு சொல்லவில்லை. ஆமை தீர்ந்துபோகும் இயற்கை வளம்தான் என்றது. பிடிக்கும் முறையை வைத்து இறக்குமதியைத் தடுப்பது உறுப்பு 20க்குள் வரலாம் என்றும் ஒப்புக்கொண்டது. அமெரிக்கா தோற்றது நடந்துகொண்ட விதத்தால். கரீபிய நாடுகளுக்கு மூன்றாண்டு அவகாசம், ஆசியாவுக்கு நான்கே மாதம். அவர்களோடு உட்கார்ந்து பேசி உடன்படிக்கை செய்தது, இவர்களோடு பேசவில்லை. கருவி பொருத்திய படகில் பிடித்த இறாலாக இருந்தாலும், நாட்டுக்குச் சான்று இல்லையென்றால் தடை. சான்று மறுத்தால் காரணம் சொல்லவில்லை, மேல்முறையீடும் இல்லை.

அமெரிக்கா வழிமுறைகளைத் திருத்தியது, பேச்சுவார்த்தைக்கு முயன்றது, தடையை எடுக்கவில்லை. மலேசியா மறுபடி வழக்குப் போட்டது. 2001இல் மலேசியா தோற்றது. நல்லெண்ணத்தோடு பேச முயன்றாலே போதும், பேச்சு ஒப்பந்தத்தில் முடிய வேண்டிய கட்டாயமில்லை என்றது அமர்வு. பின்னாளில் இந்தியாவுக்கான சான்றையே அமெரிக்கா எடுத்துவிட்டது. கடலில் பிடித்த இறால் அங்கே போக முடியாமல் நின்றது, வளர்ப்பு இறால் மட்டும் போகிறது. தமிழகக் கரையில் இழுவலைப் படகு வைத்திருப்பவர்களுக்கு இது ஏட்டுச் சட்டம் அல்ல. வழக்கில் வென்ற நாடு கடைசியில் கருவியைப் பொருத்தித்தான் ஆக வேண்டியிருக்கிறது.

அதன்பின் வந்த தீர்ப்புகள் அந்தத் தடத்திலேயே போகின்றன. பழைய டயரைப் புதுப்பித்து இறக்குமதி செய்வதை பிரேசில் தடுத்தது. டயர்க் குவியலில் கொசு பெருகி நோய் பரவுகிறது என்ற காரணம் ஏற்கப்பட்டது. ஆனால் மெர்கோசூர் என்ற வணிகக் கூட்டமைப்பில் உள்ள அண்டை நாடுகளுக்கு மட்டும் விலக்குக் கொடுத்ததால் 2007இல் தோற்றது. ஐரோப்பாவின் பாமாயில் எரிபொருள் விதிகளை மலேசியாவும் இந்தோனேசியாவும் எதிர்த்தன. 2024 மார்ச்சிலும் 2025 ஜனவரியிலும் வந்த அறிக்கைகள், காடழிப்பு அபாயத்தை ஐரோப்பா கணக்கில் எடுக்கலாம், ஆனால் அதை நடைமுறைப்படுத்திய விதத்தில் பாகுபாடு இருக்கிறது என்றன. பசுமை நோக்கம் மட்டும் இருந்தால் தப்பிவிடலாம் என்றும் எண்ணக் கூடாது. இந்தியாவின் தேசிய சூரிய மின் திட்டத்தில் உள்நாட்டு பேனல்தான் வாங்க வேண்டும் என்ற விதியை அமெரிக்கா எதிர்த்தபோது, காலநிலை உடன்படிக்கைகளின் கடமையை நிறைவேற்றவே இப்படிச் செய்தோம் என்று இந்தியா வாதிட்டது. 2016இல் அந்த வாதம் தள்ளுபடியானது.

சிபாமை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால், உறுதியாகச் சொல்லக்கூடியவை சில, சொல்ல முடியாதவை சில. தூய காற்று தீர்ந்துபோகும் இயற்கை வளம் என்று 1996இலேயே அமெரிக்காவின் பெட்ரோல் விதி பற்றிய வழக்கில் ஏற்கப்பட்டிருக்கிறது. ஆகவே காலநிலையும் அதற்குள் வரும் என்ற வாதம் வலுவானது. உள்நாட்டு ஆலைக்கும் அதே சுமை இருக்க வேண்டும் என்பது உறுப்பு 20இன் இன்னொரு நிபந்தனை. ஐரோப்பா தன் ஆலைகளின் இலவச அனுமதியை 2034க்குள் முற்றிலும் நிறுத்துவதற்கும், அதே அட்டவணையில் சிபாம் ஏறுவதற்கும் காரணம் இதுதான். தன் ஆலைக்கு இலவசம், வெளியாருக்குக் கட்டணம் என்றிருந்தால் வழக்கில் நிற்காது. இந்தச் சட்டத்தை எழுதியவர்கள் இறால் தீர்ப்பை வரிவரியாகப் படித்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. நாட்டை வைத்து மட்டும் முடிவுசெய்யாமல் அந்தந்த ஆலையின் உண்மை உமிழ்வைக் காட்ட வழி வைத்ததும், சரக்கு செய்யும் நாட்டில் கட்டிய கார்பன் விலையைக் கழித்துக்கொள்ள இடம் கொடுத்ததும் அதனால்தான்.

முடிவு தெரியாத இடங்கள் இவை. இது உள்நாட்டு வரிக்கு ஈடாக எல்லையில் போடும் வரியா, வேறு வகைக் கட்டுப்பாடா? ஐரோப்பாவின் அனுமதிச் சீட்டு பொருளின் மீது விழும் வரி அல்ல, ஆலையின் மீது விழும் கடமை. அதனால் காட் ஒப்பந்தத்தின் எந்த உறுப்பில் இதைப் பொருத்துவது என்பதிலேயே வல்லுநர்கள் இரண்டுபட்டு நிற்கிறார்கள். கார்பன் விலையாகக் கட்டியதை மட்டும் கழிப்போம், ஒரு நாடு கட்டுப்பாடுகள் வழியாக ஏற்ற செலவைக் கழிக்கமாட்டோம் என்பது தலைவாசகத்தில் நிற்குமா? என் மதிப்பீட்டில் சிபாமின் மெலிந்த இடம் இதுதான். மிகப் பின்தங்கிய நாடுகளுக்குக்கூட விலக்கு வைக்காதது இன்னொரு மெலிந்த இடம்.

ஆனால் இந்த மெலிவு உங்கள் பில்லுக்கு உதவாது. உலக வர்த்தக அமைப்பில் நாடுதான் வழக்குப் போடலாம், நிறுவனம் போட முடியாது. 2019 டிசம்பரிலிருந்து மேல்முறையீட்டு அமர்வு செயல்படவில்லை. உறுப்பினர் நியமனத்தை அமெரிக்கா தடுத்துவிட்டது. முதல் கட்டத்தில் தோற்கும் நாடு மேல்முறையீடு செய்துவிட்டால் வழக்கு கேட்பாரற்று நின்றுவிடும். இதற்கு மாற்றாக ஐரோப்பாவும் வேறு சில நாடுகளும் வைத்திருக்கும் இடைக்கால ஏற்பாட்டில் இந்தியா சேரவில்லை. சிபாமை எதிர்த்து ரஷ்யா 2025 மே மாதம் வழக்கின் முதல் படியான கலந்தாய்வைக் கேட்டது. யாராவது வென்றாலும் தீர்ப்பு இனி வரும் காலத்துக்குத்தான்; கட்டிய பணம் திரும்பாது.

“நாங்கள் வளரும் நாடு, காற்றைக் கெடுத்தவர்கள் அவர்கள்” என்று நீங்கள் எழுதியிருந்தீர்கள். அது வெறும் புலம்பல் அல்ல, எழுதப்பட்ட சட்டக் கொள்கை. பொறுப்பு எல்லாருக்கும் உண்டு, ஆனால் வரலாற்றுக்கும் வசதிக்கும் ஏற்ப வேறுபடும் என்பது 1992 காலநிலை உடன்படிக்கையிலும் 2015 பாரிஸ் ஒப்பந்தத்திலும் இருக்கிறது. 1992 உடன்படிக்கையின் 3.5 பிரிவு, ஒருதலையாக எடுக்கும் காலநிலை நடவடிக்கைகள் நியாயமற்ற பாகுபாடாகவோ மறைமுக வர்த்தகத் தடையாகவோ ஆகக் கூடாது என்கிறது. காட் தலைவாசகத்தின் சொற்களே அங்கும் வருகின்றன. 2023 துபாய் மாநாட்டு முடிவிலும் அந்த வரி திரும்ப எழுதப்பட்டது. 2025இல் பிரேசிலின் பெலெம் மாநாட்டில் வர்த்தகம் பற்றித் தொடர் உரையாடல் நடத்த ஒப்புக்கொண்டார்கள். சிக்கல் என்னவென்றால், காலநிலை உடன்படிக்கைகளில் இதை அமலாக்க நீதிமன்றம் இல்லை. நீதிமன்றம் போல் ஒன்று இருக்கும் வர்த்தக அமைப்பிலோ இந்த வேறுபட்ட பொறுப்பு என்ற கொள்கை உறுப்பு 20இல் எழுதப்படவில்லை. பல நாடுகள் சேர்ந்து பேசி, பணமும் அவகாசமும் சேர்த்து வகுத்த வர்த்தகக் கட்டுப்பாடு எப்படி நிலைக்கும் என்பதற்கு ஓசோன் படலத்துக்கான 1987 மாண்ட்ரியல் உடன்பாடு சான்று. உடன்பாட்டில் சேராத நாடுகளோடு அந்த வாயுக்களை வணிகம் செய்யக் கூடாது என்று அதில் இருக்கிறது. வளரும் நாடுகளுக்குக் கூடுதல் காலமும் தனி நிதியும் இருக்கின்றன. அதை யாரும் வர்த்தக அமைப்புக்கு இழுக்கவில்லை. கார்பனுக்கும் அந்த வழியில் போயிருக்க வேண்டும் என்பதே என் உறுதியான எண்ணம். போகவில்லை.

தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களுக்கு வருவோம். இவற்றில் சுற்றுச்சூழல் அத்தியாயம் இப்போது வழக்கமாகிவிட்டது, ஆனால் எல்லாவற்றுக்கும் பல் ஒன்றுபோல் இல்லை. அமெரிக்கா–பெரு ஒப்பந்தத்தில் காட்டு மரம் பற்றிய தனி இணைப்பு உண்டு. அதை வைத்து 2017இல் பெருவின் ஒரு நிறுவனத்து மரத்தை அமெரிக்கா எல்லையில் நிறுத்தியது. 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பா–நியூசிலாந்து ஒப்பந்தத்தில், பாரிஸ் ஒப்பந்தத்தைக் கடுமையாக மீறினால் கடைசி வழியாக வர்த்தகத் தடை விதிக்கலாம். இந்தியா இதற்கு ஒப்புக்கொள்வதில்லை. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லிக்டன்ஸ்டைன் அடங்கிய எஃப்டா அமைப்போடு 2024 மார்ச்சில் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் நிலையான வளர்ச்சி அத்தியாயம் இருக்கிறது. தகராறு தீர்க்கும் பிரிவு அதற்குப் பொருந்தாது. 2025 ஜூலையில் கையெழுத்தான பிரிட்டன் ஒப்பந்தமும் அதே வழிதான். நம் மேல் தடை விதிக்க முடியாது என்பது இதில் லாபம். ஆனால் அந்த அத்தியாயங்கள் சிபாமிலிருந்து நம்மைக் காப்பாற்றவும் செய்யாது. பிரிட்டன் தன் சொந்தக் கார்பன் எல்லை வரியை 2027 ஜனவரி 1 முதல் கொண்டுவருகிறது. எஃகும் அதில் உண்டு. ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு விலக்கு இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தோடும் அப்படித்தான். 2007இல் தொடங்கி, 2013இல் நின்று, 2022இல் மறுபடி தொடங்கிய பேச்சு 2026 ஜனவரியில் முடிந்ததாக அறிவிக்கப்பட்டது. சிபாமிலிருந்து இந்தியாவுக்கு விலக்கு கிடைக்கவில்லை. கிடைத்தது, வேறு நாட்டுக்குச் சலுகை கொடுத்தால் அதை இந்தியாவுக்கும் கொடுப்போம் என்ற உறுதியும், தொழில்நுட்ப உரையாடலும். இந்த உறுதியை மட்டமாக நினைக்க வேண்டாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்காவோடு வெளியிட்ட கூட்டறிக்கையில், சிபாம் நடைமுறையில் கூடுதல் நெகிழ்வுக்கு முயல்வதாக ஐரோப்பா சொல்லியிருக்கிறது. ஒருவருக்குக் கொடுத்து மற்றவருக்கு மறுத்தால் பிரேசில் டயருக்கு நேர்ந்ததுதான் நேரும். இந்தியா அந்தக் கதவில் காலை வைத்திருக்கிறது. ஆனால் நாளைக்கு உங்கள் பில்லில் ஒரு யூரோவும் குறையாது. 7318இல் பெரும்பாலான பொருள்களுக்கு ஐரோப்பாவின் சுங்கவரி 3.7 விழுக்காடுதான். டன் 2,000 யூரோ என்று வைத்தால், சுங்கம் முழுதும் நீங்கினாலும் மிச்சம் 74 யூரோ. மேலே போட்ட கணக்கில் முதல் ஆண்டுச் சிபாமே 93.

இந்தியாவில் கட்டிய கார்பன் விலையைக் கழிக்கலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். சட்டத்தில் இடமுண்டு, உண்மையில் கட்டியிருந்தால். நிலக்கரி மீதான பழைய தீர்வை நிலக்கரியின் எடைக்குப் போட்டது, உமிழ்வுக்கு அல்ல; அதை ஏற்பார்கள் என்று எண்ணிக் கணக்குப் போடாதீர்கள். 2023 ஜூனில் அறிவித்த கார்பன் வரவு வணிகத் திட்டம்தான் எதிர்கால வழி. அது ஒரு டன் உற்பத்திக்கு இவ்வளவு உமிழ்வு என்ற இலக்கை வைப்பது. இலக்குக்குள் இருப்பவர் எதுவும் கட்டுவதில்லை, ஆகவே கழிக்கவும் எதுவும் இருக்காது.

ஆக, உங்கள் கையில் இருப்பது எண் மட்டும்தான். அதை எப்படித் தயார்செய்வது? முதலில் எட்டு இலக்கக் குறியீட்டை உறுதிசெய்யுங்கள். 7318 பட்டியலில் இருக்கிறது, ஸ்பிரிங்குகளுக்கான 7320 முதலில் போட்ட பட்டியலில் இல்லை. ஆனால் எஃகிலிருந்து செய்யும் மேலும் பல பொருள்களைச் சேர்க்க ஐரோப்பிய ஆணையம் 2025 டிசம்பரில் முன்மொழிந்திருக்கிறது. அடுத்து, போல்ட்டின் உமிழ்வில் மிகப் பெரும்பகுதி உங்கள் பட்டறையில் உருவாவதில்லை, மூலப்பொருளான எஃகுக் கம்பியோடு (ஒயர் ராடு) சேர்ந்தே வருகிறது. எனவே கடிதம் எழுத வேண்டியது ராடு விற்கும் ஆலைக்கு. எந்த வழியில் செய்த எஃகு என்று கேளுங்கள். பிளாஸ்ட் ஃபர்னஸ் வழி எஃகுக்கு டன்னுக்கு இரண்டு டன்னுக்கு மேல். நிலக்கரியில் செய்த ஸ்பாஞ்ச் அயர்ன் (தாதுவை உருக்காமல் பெறும் இரும்பு) கூடுதலாகச் சேர்ந்தால் இன்னும் அதிகம். முழுக்க ஸ்கிராப்பை உருக்கியதென்றால் நேரடி உமிழ்வு மிகக் குறைவு. ஸ்கிராப்புக்குச் சுமந்துவரும் உமிழ்வு சுழி என்பதே விதி. எஃகுக்கு இப்போது நேரடி உமிழ்வை மட்டுமே கணக்கிடுகிறார்கள், வாங்கிய மின்சாரம் சேராது. அதனால் இண்டக்ஷன் ஃபர்னஸில் ஸ்கிராப் உருக்கும் ஆலையின் ராடு உங்களுக்குப் பெரிய லாபம். பில்லட்டை (உருட்டுவதற்கான எஃகுக் கட்டி) வெளியிலிருந்து வாங்கி உருட்டும் ரோலிங் மில் என்றால், பில்லட் செய்தவரின் எண்ணும் சேர்ந்து வர வேண்டும். பாதிச் சங்கிலி செல்லாது.

பிறகு எடைக் கணக்கு. ஒரு டன் போல்ட்டுக்கு எவ்வளவு ராடு போகிறது? 1.08 டன் என்றால், ராடின் 2.4ஐ 1.08ஆல் பெருக்க வேண்டும், 2.59 வரும். கழிவு குறைந்தால் உமிழ்வும் குறையும், இது உங்கள் பட்டறைக்குள்ளேயே செய்யக்கூடியது. உங்கள் ஹீட் ட்ரீட்மெண்ட் உலையின் எரிபொருள் சிறிய எண்தான்: டீசல் லிட்டருக்கு ஏறத்தாழ 2.7 கிலோ, எல்பிஜி கிலோவுக்கு ஏறத்தாழ 3 கிலோ. 2025 திருத்தம் சில கடைநிலைப் பொருள்களுக்கு இறுதிக்கட்ட வேலைகளின் உமிழ்வைக் கணக்கிலிருந்தே நீக்கியிருக்கிறது. உங்கள் குறியீட்டுக்கு அது பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு இதைச் சேருங்கள். சேர்க்கத் தேவையில்லாவிட்டாலும் எரிபொருள் பதிவேட்டை வைத்திருங்கள், சரிபார்ப்பவர் கேட்பார்.

கெட்டுப்போகும் இடங்கள் அநேகமாக எல்லாப் பட்டறையிலும் ஒன்றேதான். இரண்டு ஆலையின் ராடைக் கிடங்கில் கலந்துவிடுவார்கள். ஹீட் எண் (எந்த உருக்கலில் வந்த எஃகு என்று ஆலை போடும் எண்) போய்விட்டால் எது எந்த ஆலை என்று நிரூபிக்க முடியாது, குறைந்த எண்ணுள்ள ராடுக்குக் கொடுத்த கூடுதல் விலை வீண். வரும்போதே ஹீட் எண்ணோடு தனித்தனியாக அடுக்கி, மில் டெஸ்ட் சான்றிதழை உற்பத்திச் சீட்டோடு கோத்துவையுங்கள். இரண்டாவது, ஆலோசகர் யாரோ கொடுத்த ‘கார்பன் தடம்’ அறிக்கையை அனுப்பிவிடுவார்கள். அதில் லாரிப் போக்குவரத்து, ஊழியர் பயணம், மின்சாரம் எல்லாம் சேர்ந்திருக்கும். சிபாமின் எல்லைக்கோடு வேறு, அந்த எண் செல்லாது. மூன்றாவது, கார்பன் கிரெடிட் வாங்கியோ மரம் நட்டோ கழித்துக்கொள்ளலாம் என்று யாராவது விற்க வருவார்கள். சிபாமில் அதற்கு இடமில்லை. ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

எண் இல்லையென்றால் என்ன ஆகும்? ஆணையம் நாட்டுவாரியாக வைத்திருக்கும் இயல்புநிலை மதிப்பை எடுத்துக்கொள்வார்கள். அது நாட்டின் சராசரியின் மேல் கூடுதல் சேர்த்தது, அந்தக் கூடுதலும் 2028 வரை ஆண்டுக்கு ஆண்டு ஏறும். ஸ்கிராப் எஃகில் சுத்தமாகச் செய்த சிறு பட்டறைக்காரர், தாள் இல்லாத ஒரே காரணத்தால் நிலக்கரி எஃகின் விலையைக் கட்டுவார். இந்த முறையில் எனக்கு மிகவும் வேதனை தருவது இதுதான். பெரிய ஆலைகளுக்குத் தனித் துறையே இருக்கிறது, இந்த அடி விழுவது சிறியவர்கள் மேல். 2026 முதல் உண்மை எண்ணைக் காட்ட வேண்டுமானால் அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர், முதல் முறையாவது நேரில் வந்து, பார்த்துச் சான்றளிக்க வேண்டும். ஒரே ஆலையில் ராடு வாங்கும் பட்டறைகள் சேர்ந்து அந்த ஆலையிடம் சரிபார்த்த எண்ணைக் கேட்டால் அவர்களால் தட்ட முடியாது. தனியாகக் கேட்டால் பதில் கடிதமே வராமல் போகலாம்.

கடைசியாக, விலை பேசும் மேசை. “கணக்கு கொடுக்காவிட்டால் குறைப்பேன்” என்று உங்கள் வாங்குபவர் சொல்வது சட்டமல்ல, பேரம். எவ்வளவு குறைப்பார், எந்தச் சூத்திரத்தில் என்று எழுத்தில் கேளுங்கள். சரிபார்த்த எண்ணுக்கும் இயல்புநிலை மதிப்புக்கும் உள்ள வித்தியாசம் யாருக்குச் சேரும், சரிபார்ப்புச் செலவு யாருடையது, சான்றிதழ் விலை ஏறினால் யார் தாங்குவது என்ற மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். 2026இல் இறக்குமதியான சரக்குக்குச் சான்றிதழ் விலை அந்தந்தக் காலாண்டின் ஏல விலைச் சராசரியில் முடிவாகிறது, 2027 முதல் வாரச் சராசரி. எந்த நாள் விலை என்பதையும் அதில் போட்டுவிடுங்கள். விலையில் கழித்துக்கொண்டு, பிறகு 50 டன் விலக்கில் வந்து எதுவும் கட்டாமல் விடும் இறக்குமதியாளர் இருந்தால், கழித்ததைத் திருப்பித் தர வேண்டும் என்ற ஒரு வரியும் வேண்டும். உங்கள் ஒப்பந்தத்தைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது சரியாக இருக்காது. கையெழுத்திடும் முன் அந்நிய வர்த்தகச் சட்டம் தெரிந்த ஒருவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.